விம்கோ நகரின் உலராத நாட்கள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வியாசர்பாடியில் எங்கள் பிளாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த வியாழக்கிழமை வந்த கோபத்தில் நியாயம் இருந்தது.

ராயபுரத்தில் ஒரு காற்று ஆய்வு மையத்தில் எனக்கு வேலை. காற்றில் மிதக்கும் தூசும் புகையும் வெளிச்சத்தை எவ்வளவு சிதறடிக்கின்றன, எவ்வளவு விழுங்குகின்றன என்று மொட்டைமாடிக் கருவிகள் நிமிடத்துக்கு நிமிடம் அளக்கும். கருவிகள் ஒழுங்காகத்தான் இருந்தன, பெயர்கள்தான் தலைக்கு ஒன்றாக இருந்தன. மாத்தூர்க்காரர்கள் 'சிதறல்' என்பதை நாங்கள் 'ஒளி-2' என்போம். விம்கோ நகரில் பரசுராமன் அண்ணன் 'புகை' என்றே போட்டு வைத்திருந்தார். பதினேழு நிலையங்களின் அளவுகளையும் ஒரே தொகுப்பில் சேர்க்கப் பொதுப் பெயர்கள் வேண்டும். அதற்கான விதியை எழுதியவள் நான்தான். பெயரைப் பார்த்ததுமே சிதறலா விழுங்கலா, எந்த நிற வெளிச்சத்தில், காற்றை உலர்த்தி அளந்ததா உள்ளபடி அளந்ததா என்று தெரிய வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த நிலையம் தொகுப்பில் கிடையாது.

விம்கோ நகரில் குறைந்தது, உலர்த்தினாரா இல்லையா என்பது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. மூன்று வருஷமாக வெயில் மழை பார்க்காமல் மாடி ஏறிய மனுஷனின் உழைப்பை என் விதியே குப்பையில் போடப் போகிறது. போன் போட்டால் எடுக்கவும் இல்லை. நேரில் கிளம்பிவிட்டேன்.

"வாம்மா எழிலு. டீ சொல்லட்டா?"

"டீ கெடக்கட்டும்ண்ணே. காத்த உலத்துனீங்களா இல்லியா?"

"உலத்திக்கினு தான் கீறேன்." முகத்தை மட்டும் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்போ இது இன்னா?" மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். ஈரம் குடித்த தூசு ஊதிப் பெருத்து வெளிச்சத்தைக் கூடுதலாகச் சிதறடிக்கும். அவருடைய வரைபடத்தில் சில வாரங்கள் மட்டும் மேடு மேடாகக் கிடந்தன.

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு என்னை இரண்டு தெரு தள்ளியிருந்த ஹுமாயூன் பாய் பேக்கரிக்குக் கூட்டிப்போனார். பாய் அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு தகரத் தட்டை எடுத்தார். அதில் ஆரஞ்சு நிற மணிகள். காற்றுக் குழாயில் இருந்துகொண்டு ஈரத்தை உறிஞ்சுபவை. ஈரம் குடித்தால் பச்சையாகிவிடும், சூடு காட்டினால் மறுபடி ஆரஞ்சாகும்.

"மணிய காய வெக்க ஆபீஸ்ல குடுத்த அடுப்பு வந்த மாசமே புட்டுக்கிச்சு," என்றார் அண்ணன். "எழுதிப் போட்டேன், யாரும் கண்டுக்கல. அதான் செவ்வா, சனி பாய் கைல குடுத்துர்றது."

"பன்னு சுடுற அடுப்புலயா!"

"கத்தாதம்மா," என்றார் பாய். "பன்னெல்லாம் எடுத்தப்புறம், மிச்ச சூட்டுல. அதுக்குன்னு தனி தட்டு வெச்சிகீறேன்."

"பாய் லீவு வுட்டா மணி ஈரமாவே கெடக்கும்," அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "மெஷின நிறுத்துனா கோடு அறுந்துபூடும். அப்டியே ஓட்டிட்டேன். சொன்னா வேலைக்கே வேட்டு வெச்சிருவாங்கன்னு பயம்."

கோபம் போன இடம் தெரியவில்லை. பாயின் வாட்ஸப் குழுவில் மூன்று வருஷத்து 'நாளை முதல் கடை விடுமுறை' எல்லாம் அப்படியே இருந்தது. மகள் நவ்ரீனின் நிக்காஹ், பெருநாள்கள், தெருவில் தண்ணீர் நின்ற டிசம்பர். தேதிகளை ஒரு கேக் அட்டையில் எழுதி வரைபடத்தோடு ஒப்பிட்டேன். லீவு தொடங்கிய மூன்றாம் நாள் மேடு ஏறுகிறது, கடை திறந்ததும் இறங்குகிறது. ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. மொத்தம் அறுபத்து மூன்று நாட்கள்.

"அண்ணே, அந்த நாளுங்கள தூக்கிட்டா மீதி எல்லாம் உலர்ந்த காத்து. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. வெச்சா ஏன் உலத்தலன்னு காரணம் எழுதணும். உங்க பேரு வரும்."

அவர் கேக் அட்டையைக் கையில் எடுத்தார். "அந்த அறுவத்திமூணு நாளும் ஜனங்க காத்த உலத்திட்டா மூச்சுல இஸ்தாங்க? ஈரத்தோட தான இஸ்தாங்க. தப்பு எம்மேல. காத்து இன்னாம்மா பண்ணுச்சு? எழுது."

விதியை எழுதியவள் நான். அந்த விதி யாருக்காக என்பதை அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட சந்தோஷமாக இருந்தது. அளவுகளை 'உலர்ந்தது', 'உள்ளபடி' என்று இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்தோம். குறிப்பில் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி, மறுநாள் நாலரைக்கு அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் இயக்குநர் ரகுபதி என்னைக் கூப்பிட்டார். அவர் புது அடுப்புக்கான தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியான தொகுப்பின் நிலையப் பட்டியலை என் பக்கம் திருப்பினார். உடனே போனை எடுத்தேன்.

"அண்ணே, எங்க கீறீங்க?"

"பாய் கடைல. சொல்லு, வேலை பூட்ச்சா?"

"உலர்ந்த காத்துல பதினேழு ஊரு, அதுல நாமளும் ஒண்ணு. உள்ளபடி காத்துல ஒரே ஊரு தாண்ணே. விம்கோ நகர் மட்டும். மத்த பதினாறு பேரையும் இனிமே அப்டியும் அளக்கச் சொல்லிக்கீறாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு போனை மறந்து அவர் கத்தியது மட்டும் கேட்டது.

"பாய்! நீ லீவு வுட்ட நாளெல்லாம் ஏத்துக்கினாங்க பாய்!"