நாலு நாள் எல்லாருக்கும் வரும்

எங்கள் வீட்டில் வெள்ளைத் துண்டே கிடையாது. குளியல் துண்டு, தலையணை உறை, கைக்குட்டை எல்லாமே அடர்சிவப்பு, இல்லாவிட்டால் கறுப்பு. வெள்ளைத் துண்டெல்லாம் ஓட்டல்காரர்களின் பகட்டு என்று நினைத்தே நான் வளர்ந்தேன். தம்பியைக் கல்யாணம் செய்துகொண்டு பின்லாந்தின் துர்க்கு நகரத்திலிருந்து எங்கள் தீவுக்கு வந்த மிர்யாம்தான் முதல் வாரமே கேட்டாள்.

"ஏன்க்கா, இந்த வீட்ல கொலை கிலை பண்ணுவீங்களா?"

அவள் நர்ஸ் வேறு. சும்மா விடுவாளா? என்னை மாரிஹாம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்யவைத்தாள். ரத்தம் சீக்கிரம் உறையாத வான் வில்லிபிராண்ட் நோய், பரம்பரையாக வருவது என்று முடிவு வந்தது. எங்கள் ஃபெக்லெ தீவுக் குடும்பம் ஒன்றைப் பார்த்துத்தான் அந்த நோயையே முதலில் கண்டுபிடித்தார்களாம். ஊர் உலகத்துக்கே தெரிந்த சங்கதி எங்கள் சமையலறைக்கு மட்டும் வந்து சேரவில்லை.

என்னைப் பற்றிக்கூட எனக்குக் கவலையில்லை. அடுத்த திங்கட்கிழமை அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்குவதாக இருந்தது. போன தடவை பிடுங்கியபோது நாலு நாள் ரத்தம் துப்பிய மனிதர் அவர். இந்த முறையும் பல் டாக்டரிடம் ஒன்றும் சொல்லாமல் போய் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை மத்தியானம், காப்பியும் ஏலக்காய் பான்கேக்குமாக எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது பேச்சை ஆரம்பித்தேன்.

"நோயாவது மண்ணாவது," என்றார் அப்பா. "நாலு நாள் எல்லாருக்கும் வரும்."

"எல்லாருக்கும் இல்லப்பா. நம்ம வீட்ல எல்லாருக்கும்."

"எங்க பக்கம் ஒருத்தருக்கும் கிடையாது," என்று அம்மா முந்திக்கொண்டாள். "மூக்குல ரத்தம் கொட்டறது உங்கப்பா குடும்பச் சொத்து."

"ஆமா, வேற என்ன சொத்து இருக்கு எங்ககிட்ட," என்று அப்பா இன்னொரு துண்டு பான்கேக்கை எடுத்துக்கொண்டார்.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கத்தினால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்பா ஓய்வுபெறும்வரை ஃபெர்ரிப் படகைத் துறையில் கயிறு போட்டுக் கட்டியவர். அந்த வழியில் போய்ப் பார்த்தேன்.

"அப்பா, ஃபெர்ரி துறைக்கு வந்துடுச்சு. கயிறு போட ஆள் இல்ல. என்ன ஆகும்?"

"எந்த மடையன் டியூட்டில இருந்தான்?"

"யாரோ ஒரு மடையன். என்ன ஆகும், சொல்லுங்க."

"அலை இழுத்துட்டுப் போயிடும்."

"அதேதான். காயம் பட்டா, ஓட்டையை அடைக்க ரத்தத்துல குட்டிக் குட்டியா ஆளுங்க ஓடி வருவாங்க. அவங்களை அந்த இடத்துல கட்டிப்போட ஒரு கயிறு வேணும். நம்ம உடம்புல அந்தக் கயிறு கம்மி. வர்றவங்க நிக்க முடியாம ரத்தத்தோட போயிடறாங்க."

"அதுக்கு மருந்து இருக்கு மாமா," என்றாள் மிர்யாம். "பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடியே குடுக்கணும்." பேச்சோடு பேச்சாக அவர் தட்டுக்குப் பக்கத்தில் பல்வலிக்காக வைத்திருந்த ஆஸ்பிரினையும் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இது ரத்தத்தை இன்னும் ஓட விட்டுடும்."

அப்பா மெல்லுவதை நிறுத்தினார்.

"பள்ளிக்கூடத்துல படிக்கறப்போ மாசாமாசம் வெளுத்துப்போய் சுருண்டு படுத்துக் கிடப்பியே. அதுவும் இதுதானா?"

"ஆமாப்பா."

நடிக்காதே, எழுந்து போ என்று அப்போதெல்லாம் என்னை விரட்டியவர் அவர்தான். அதை நான் மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை போலிருக்கிறது. எழுந்துபோய் போனை எடுத்தார்.

"டாக்டரம்மா, வால்ஃப்ரிட் பேசறேன். திங்கக்கிழமை என் பல்லைத் தொடாதீங்க. எனக்கு ரத்தம் சட்டுனு நிக்காது. பரிசோதனை பண்ணிக்கிட்டு வர்றேன்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? என் பொண்ணு யோர்டிஸுக்கு இருக்கு. என்கிட்டேருந்துதான் போயிருக்கணும். இத்தனை வருஷம் அது புரியாம அவளைத் திட்டியிருக்கேன்."

கோபக்காரி என்று பெயரெடுத்த எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. மிர்யாம் முன்னால் அழக்கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன்.

அப்பா போனை வைத்துவிட்டு வந்து என் தலையில் கை வைத்தார்.

"அழாதடி," என்றார். "மூக்குல ரத்தம் வந்துடப் போகுது."