‘நாங்க’ன்னு சொல்லணும்

கட்டின பெண்டாட்டியை எதிரே உட்காரவைத்து நிதானமாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் டீச்சர் மேசையைத் தட்டினார்.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே சலவை ஆலை. மருத்துவமனைத் துணிகள் வரும் இடம். அவனுக்குப் பகலில் இஸ்திரி மிஷின், அவளுக்கு இரவில் துவைக்கும் பகுதி. வார லீவும் வேறு வேறு நாள். அவன் வீட்டுக்குள் நுழையும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். மகள் சாப்பிட்டாளா, கேஸ் தீர்ந்துவிட்டதா, அவ்வளவுதான் தாம்பத்தியம். பகலில் அவள் படுத்த படுக்கை, அவன் வருவதற்குள் ஆறிப்போயிருக்கும்.

அதனால்தான் பல்கலைக்கழகத்தின் தொழிலாளர் கல்வி மையத்தில் சனிக்கிழமை மதிய வகுப்பு என்று சங்கம் சொன்னதும் இருவர் பேரையும் கொடுத்தான். சட்டம் படிக்கும் ஆசையெல்லாம் இல்லை. பக்கத்தில் உட்காரலாம்.

மையத்துக்காரர்கள் ஆலையில் ஆய்வு நடத்தி, கணவன் மனைவிக்கு ஒரே ஷிப்ட் கொடுத்தால் வேலை ஒன்றும் கெட்டுப்போகாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சங்கம் அதையே கோரிக்கையாக்கிவிட்டது. நிர்வாகத்தோடு பேசப் போகும் குழுவில் ஓர் இடம் காலி. இன்றைய ஒத்திகையில் யார் நன்றாகப் பேசுகிறார்களோ அவர்களுக்கு. அவனுக்கு அது வேண்டும். தன் வாயாலேயே கேட்டு வாங்க வேண்டும்.

சீட்டுக் குலுக்கியதில் அவன் தொழிலாளர் பக்கம். மேனேஜர் நாற்காலி அவளுக்கு.

“வீட்லயும் அதே நாற்காலிதானே!” என்றான் கூடப் படிக்க வந்த ஆலையின் பாய்லர்காரன். வகுப்பே சிரித்தது.

அவன் தொண்டையைச் செருமினான். “மேடம், நாம ஒரே ஷிப்ட்ல வேலை பார்த்தா...”

“நிறுத்துங்க,” என்றார் டீச்சர். “‘நாம’ன்னா மேனேஜரையும் உங்க கூட்டத்துல சேர்த்துக்கிறீங்க. அப்புறம் ‘நாம எல்லாரும் ஒரே குடும்பம்தானே’ன்னு உங்க தலையில மிளகாய் அரைப்பாங்க. ‘நாங்க’ன்னு சொல்லணும்.”

மறுபடி ஆரம்பித்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு, “உங்க கஷ்டம் புரியுது. ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்களே?” என்றாள். அசல் மேனேஜர். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. இது எப்போது வந்தது?

“கேக்கட்டும் மேடம். நாம... நாம வாசப்படியில தவிர முகத்தைப் பாத்துக்கிறதே இல்லையே.”

“மாப்ளே, கட்சி மாறிட்டியா?” என்றான் பாய்லர்காரன்.

“அது உங்க சொந்த விஷயம்,” என்றாள் மேனேஜர்.

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

குழுவில் இருந்த இடம் அவளுக்குப் போயிற்று. “அந்தப் பக்கம் என்ன சொல்வாங்கன்னு இவங்களுக்கு அத்துப்படி. எங்கயும் வழுக்கல,” என்றார் டீச்சர்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அவள் கேட்டாள். “ஏங்க, கோவமா?”

“எதுக்கு?”

“நீங்க அப்படிப் பாத்தா எனக்கு எப்படிப் பேச்சு வரும்? அதான் உங்க சட்டைப் பொத்தானையே பாத்துக்கிட்டுப் பேசினேன். அறுந்து தொங்குது. தைக்கக் கூடாதா?”

அவன் பொத்தானைத் தடவிப் பார்த்தான். “பேச்சுவார்த்தை என்னைக்காம்?”

“சனிக்கிழமை மதியம், இந்த வகுப்பு நேரத்துலதான். முடியற வரைக்கும் எல்லாச் சனிக்கிழமையும்.”

முடிகிற வரைக்கும். வெறும் கையுறை கேட்டதற்கே இரண்டு வருஷம் இழுத்தடித்த நிர்வாகம் அது.

ஆலைக்குப் போகும் பஸ் வந்தது. அவள் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, “சனிக்கிழமை நீங்களும் பாப்பாவும் என்ன பண்ணுவீங்க?” என்றாள்.

“நாங்க பாத்துக்கிறோம்,” என்றான்.

இந்தத் தடவை பிழையே இல்லை. அவள் ஏதோ சொல்லத் திரும்பினாள். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.