தம்பியின் இனிஷியல்

கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியும், எழுதத் தெரியும். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காமல் இருக்கத்தான் தெரியாது. அந்தோணிராஜுக்கு இது தெரியவந்தது அப்பாவின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு அழைப்புக் கார்டு அடித்தபோது.

கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொள்பவர் அவர். போல்ட்டும் நட்டும் கூட அவர் சொன்ன தட்டில்தான் உட்கார்ந்திருக்கும். கார்டு அடிக்க அச்சகத்தில் ஆள் உண்டு, பெயரைச் சொன்னால் போதும். ஆனாலும் மகள் விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி அவரே உட்கார்ந்தார். அதற்குக் காரணம் இருந்தது.

அப்பா அருளப்பன், மூத்த தாரமான அந்தோணிராஜின் அம்மா தவறிய பிறகு, ஞானசெல்வியைக் கட்டிக்கொண்டார். அவளுடைய முதல் புருஷன் பெனடிக்ட் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்திருந்தான். அவள் இடுப்பில் கைக்குழந்தையாக அந்த வீட்டுக்குள் வந்தவன்தான் ஜெஃபின். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அருளப்பன் அவன் பெயருக்கு முன்னால் தன்னுடைய A-யைப் போட்டார். தலைமையாசிரியர் ஏதோ இழுத்ததற்கு, எம் பையனுக்கு எம் பேரைப் போடாம எவன் பேரைப் போடறதுங்க என்று கேட்டாராம். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. சொந்தக்காரர்கள் வாயில் மட்டும் அடங்கவில்லை.

அடக்கத்தன்று அது வெளியே வந்தது. குழிக்குள் முதல் பிடி மண்ணைப் போட அண்ணனும் தம்பியும் ஒன்றாகக் குனிந்தார்கள். அப்பாவின் தங்கை பிலோமினா அத்தை ஜெஃபினின் கையைப் பிடித்து, சொந்தப் பையன் முதலில் போடட்டும் கண்ணு என்று ஓரமாக நிறுத்தினாள். அத்தனை பேர் முன்னால் நடந்தது. அந்தோணிராஜ் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஜெஃபின் அதைப் பற்றி அப்புறமும் வாயே திறக்கவில்லை. போனில் எப்போதும்போல “சாப்டீங்களாங்ணா” என்றுதான் தொடங்கினான். அவன் சண்டை பிடித்திருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அன்றைக்குச் சொல்லாததைக் கார்டு சொல்லட்டும் என்று நினைத்தார். கீழே துயரத்துடன் அழைப்பவர்கள் என்று போட்டு, ஞானசெல்வியும் காலமாகிவிட்டதால் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டே பெயர். இரண்டுக்கும் முன்னால் ஒரே A. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

A. அந்தோணிராஜ் என்று அடித்து என்டரைத் தட்டினார். அடுத்த வரியில், கூப்பிடாமலே பந்தியில் உட்காரும் விருந்தாளி மாதிரி, B. வந்து உட்கார்ந்தது. அழித்தார். மறுபடி என்டர், மறுபடி B. அழித்துவிட்டுத் தன் கையால் A. போட்டால் அந்த வரி தானாக உள்ளே தள்ளிக்கொண்டு போய் நின்றது. அதை வெளியே இழுத்தால் மேல் வரியும் கூடவே வந்தது. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கோணிக்கொண்டது. கடைசியில் பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் லின்சிக்குப் போன் போட்டார்.

“நீங்க லிஸ்ட் போடறீங்கன்னு அதுக்கு நெனப்புங்கப்பா” என்று சிரித்தாள். ஜெஃபின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து, திரும்ப A-யிலிருந்து தொடங்கு என்பதை அமுக்கச் சொன்னாள். அமுக்கினார். A வந்துவிட்டது. அப்பாவே எழுந்து வந்து போட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

அதோடு எழுந்து போயிருக்கலாம். விதி யாரை விட்டது. இரண்டு பெயர்களுக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்து, ஜெஃபின் பெயர் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. தம்பி தனியாக நிற்பதாவது என்று அந்த வரியை வெட்டியெடுத்துத் தன் பெயருக்கு ஒட்டினாற்போலக் கீழே வைத்தார். எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியது. அந்தச் சந்தோஷத்தில், பக்கத்தில் வந்தவனை இயந்திரம் மறுபடி B ஆக்கியதைக் கவனிக்கவில்லை. அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்.

அச்சகக்காரர் அச்சேற்றும் முன் ஒரு நகலை வாட்ஸப்பில் அனுப்பி, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க என்றார். அந்தோணிராஜ் பார்க்கத்தான் செய்தார். போட்டோவைப் பெரிதாக்கி அப்பாவின் காதோர நரை தெரிகிறதா என்று பார்த்தார். தேதியைப் பார்த்தார், பூசை நேரத்தைப் பார்த்தார், தன் பெயரைக் கூடப் பார்த்தார். ஓகே என்று அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் கார்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பிலோமினா அத்தை வந்து தோளைத் தட்டினாள். “நல்ல காரியஞ் செஞ்ச கண்ணு. உள்ளதை உள்ளபடி போட்டுப்போட்ட. இத்தனை நாளா எனக்கு இதுதான் மனசுல இருந்துச்சு.”

எது என்று அவருக்கு விளங்கவில்லை. அவள் ஜெஃபின் பெயருக்கு அடியில் நகத்தை வைத்துக் காட்டினாள். B. பெனடிக்ட்டின் B. இருபத்தாறு எழுத்தில் அந்த இயந்திரத்துக்கு வேறு எழுத்தே கிடைக்கவில்லையா என்று மனதுக்குள் திட்டினார். ஆனால் A-க்கு அடுத்தது B-தானே, அதன் மேல் என்ன தப்பு. கையிலிருந்த கார்டுகளைப் பைக்குள் திணித்தார். கொடுத்தவை கொடுத்தவைதான். அவை ஆளாளுக்குக் கைமாறி, குடும்ப வாட்ஸப் குழுவிலும் ஏறியிருந்தன.

அப்படியே சத்தியமங்கலம் பஸ் ஏறினார். ஜெஃபினுக்கு அங்கே மோட்டார் காயில் கட்டும் கடை, பின்னாலேயே வீடு. வழி நெடுக எப்படித் தொடங்குவது என்று யோசித்தார். புளியம்பட்டி தாண்டியும் முதல் வாக்கியம் கிடைக்கவில்லை.

ஜெஃபின் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவன் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். “ஏனுங்ணா, இந்த வெயில்ல? சொல்லியிருந்தா நானே வந்திருப்பனுங்களே.” அவன் மனைவி விமலாராணி டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கார்டு வந்து சேர்ந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது.

அந்தோணிராஜ் கொட்டித் தீர்த்தார். தான் A-தான் அடித்தது, கம்ப்யூட்டர் லிஸ்ட் என்று நினைத்துக்கொண்டது, லின்சி சொன்னது, வரியை வெட்டி ஒட்டியது என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல, அவர் காதுக்கே அது வீட்டுப்பாடம் எழுதாத பையன் சொல்லும் சாக்கு மாதிரி கேட்டது. ஜெஃபின் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அது அவரை இன்னும் பதற வைத்தது. கடை மேசையில் பில் போடுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் செய்தே காட்டுகிறேன் என்று உட்கார்ந்தார்.

A. அந்தோணிராஜ் என்று அடித்தார். என்டரைத் தட்டினார்.

ஒன்றும் வரவில்லை. அடுத்த வரி வெறுமனே கிடந்தது. மறுபடி அழித்து அடித்தார், மறுபடி தட்டினார். B-யைக் காணோம். வேண்டாம் வேண்டாம் என்று அழித்தபோதெல்லாம் வந்து நின்றது, வா வா என்று கும்பிடும்போது வரவில்லை. வீட்டிலிருப்பது வேறு மாதிரி, இதில் அந்த ஏற்பாடு இல்லைபோல என்று சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. விமலாராணி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“உடுங்ணா” என்றான் ஜெஃபின். “மெசினுதான் போட்டிருக்கும். நான் நம்பறனுங்க.”

“வேற கார்டு அடிச்சுப்போடலாம் சாமி. நாளைக்கே.”

“எல்லாத்துக்கும் போயிருச்சுங்களே.” அவன் கம்பிச் சுருளைக் கையில் எடுத்து, நுனியைத் தேடிக்கொண்டே கேட்டான். “அச்சடிக்கறக்கு முன்னாடி உங்களுக்குக் காட்டினாங்களாங்ணா?”

“காட்டினாங்க.”

“பாத்தீங்களா?”

பார்த்தேன் என்றால் தெரிந்தே விட்டதாக ஆகும். பார்க்கவில்லை என்றால் பொய். உண்மை என்னவென்றால், பார்த்தார், தன் பெயருக்கு முன்னால் A இருந்தது, அதற்குக் கீழே கண் போகவில்லை. இதை எந்த வாயால் சொல்வது. அன்றைக்குக் குழியருகே ஒட்டிக்கொண்ட நாக்கு இன்றைக்கும் ஒட்டிக்கொண்டது. ஜெஃபின் நுனி கிடைத்துவிட்டது போல, கம்பியைச் சுற்ற ஆரம்பித்தான்.

பஸ் நிலையம் வரை தன் வண்டியிலேயே கொண்டுவந்து விட்டான். திருப்பலிக்கு நேரத்தோடு வந்துவிடுவதாகச் சொன்னான். கோயமுத்தூர் வண்டியில் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தான். தண்ணீர் பாட்டில் வாங்கி நீட்டினான். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. வண்டி கிளம்பும்போது ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

“போய்ட்டு வாங்க.”

அந்தோணிராஜ் காத்திருந்தார். சின்ன வயதிலிருந்து அந்த வார்த்தைக்கு ஒரு வால் உண்டு, வாங்க என்பது வாங்ணா என்றுதான் முடியும். கண்டக்டருக்கும், கடைக்கு வருகிற முன்பின் தெரியாத ஆளுக்கும் கொடுக்கிற ‘ங்க’ அப்படியே இருந்தது. மரியாதை ஒரு துளி குறையவில்லை. அண்ணன்தான் அதில் இல்லை. வண்டி நகர்ந்தது, அவர் ஜன்னல் வழியே கையை ஆட்டினார், ஜெஃபினும் பதிலுக்கு ஆட்டினான்.