துண்டுக்குள் நீட்டிய கை

போடி பஜாரில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த வைகுண்டராஜ் ஆசைப்பட்டு இங்கிலீஷ் படிக்கவில்லை. தரகன் பொன்னுராஜ் மேல் இருந்த அருவருப்பில் படித்தார். மலை மெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரைக்கும் பஜாருக்கும் நடுவில் பேசுகிறவன் பொன்னுராஜ். துரை சொன்னதை இங்கே சொல்வான், இவர் சொன்னதை அங்கே சொல்வான், இரண்டு பக்கமும் தரகு வாங்குவான். அவன் நாக்கு அசையாமல் ஒரு மூட்டை மலை இறங்காது. இந்த வருஷக் காயைத் தானே பேசி எடுத்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் அந்த நாக்கை நம்பிப் பிழைக்க வேண்டாம் என்பது அவர் கணக்கு.

மிஷன் பள்ளிக்கூடத்து ஞானதுரை சாயங்காலம் மண்டிக்கு வந்து சொல்லிக் கொடுத்தார். ஒரு ஓரத்தில் பெண்கள் முறத்தில் காயைப் புடைத்துத் தரம் பிரிப்பார்கள். இன்னொரு ஓரத்தில் முதலாளி மூக்கைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"'கெட்'டுன்னா வாங்குறது, அண்ணாச்சி."

"நல்லது, நம்ம தொழிலுதான்."

"'கெட் அப்'னா எந்திரிக்கிறது. 'கெட் அலாங் வித்'னா ஒருத்தரோட ஒத்துப்போறது."

"இதுல வாங்குறது எங்கன போச்சு, வாத்தியாரே?"

"அது போயிரும், அண்ணாச்சி. பின்னால சேர்ற துணுக்குதான் கணக்கு. 'புட்'டுன்னா வைக்கிறது. 'புட் அப் வித்'னா பொறுத்துக்கிறது."

"'அப்'னா மேல, 'வித்'துன்னா கூட. மேல வச்சு, கூடயும் வச்சா, பொறுத்துக்கிறதா? த்தூ! பேசுறவனுக்கு வாய் நாறாது?"

முறத்தைத் தட்டிக்கொண்டிருந்த மூக்கம்மாள் சிரித்தாள். "அந்த ஊர்ல வீட்டுக்கு ஒரு சட்டிதான் போலருக்கு மொதலாளி. சோறும் அதுலயே, கொழம்பும் அதுலயே, கோழிக்குத் தண்ணியும் அதுலயே."

அதுதான் வைகுண்டராஜுக்கும் குமட்டியது. நல்ல காயில் சண்டுக்காயைக் கலந்து விற்கிறவனைப் பஜாரில் செருப்பால் அடிப்பார்கள். இவர்களோ கலப்படத்தை இலக்கணம் என்று அச்சுப்போட்டு விற்கிறார்கள். ஆனாலும் விடவில்லை. கசாயம் குடிக்கிற முகத்தோடு ஒவ்வொரு துணுக்காக விழுங்கினார். வீட்டில் மனைவி சண்முகத்தாய் சோறு போடும்போதுகூட அவர் ஏதோ முணுமுணுக்க, "என்னைய வைறீகளா?" என்று கேட்டுவிட்டாள்.

காய் காய்ந்து எஸ்டேட் ஸ்டோருக்கு வந்த சேதி கிடைத்ததும், துவைத்த வேட்டியும் தோளில் புதுத் துண்டுமாக மெட்டு ஏறினார். பங்களா வராந்தாவில் துரையும் விருந்தாளியாக வந்த இன்னொரு துரையும் நாற்காலியில் இருந்தார்கள். படிக்கட்டில் விருதுநகர் வியாபாரிகள் இரண்டு பேர் நின்றார்கள். தூணில் சாய்ந்து பொன்னுராஜ்.

"குட் மார்னிங் சார். ஐ கேம் அப் ஃபார் தி கார்டமம்" என்றார் வைகுண்டராஜ்.

துரையின் புருவம் ஏறியது. பொன்னுராஜ் தூணை விட்டு நிமிர்ந்தான். மாதிரிக் காயை உடைத்து மோந்து பார்த்தார்கள். எல்லாம் நல்லபடியாகவே போயிற்று.

"வெல், ஹவ் மச்?" என்றார் துரை.

அங்கேதான் வாய் அடைத்தது. இங்கிலீஷ் வராமல் அல்ல. போடி பஜாரில் விலையை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் கிடையாது. கை மேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். நாலு பேர் முன்னால் விலையைச் சொல்கிறவன் வேட்டி இல்லாமல் நிற்கிறவன். எதிரே விருதுநகர்க்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வைகுண்டராஜின் கை தானாகப் போனது. துண்டைத் துரையின் வலது கை மேல் போட்டு, உள்ளே இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினார்.

துரை பாம்பு கடித்ததுபோல எழுந்தார். "டேக் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் மீ!"

கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். துடைத்த கைக்குட்டையைப் பட்லரிடம் எறிந்துவிட்டு விருந்தாளியிடம், "லுக் வாட் கிரால்ஸ் அவுட் ஆஃப் தட் பஜார்" என்றார்.

பொந்திலிருந்து ஊர்ந்து வருகிறதாம். தமிழில் திருப்பிப் பார்க்காமல் வைகுண்டராஜுக்கு நேராக உள்ளே இறங்கிய முதல் இங்கிலீஷ் இதுதான்.

பொன்னுராஜ் ஓடி வந்து அவரைக் கீழே இறக்கினான். "தொரைக்குத் தலைவலி அண்ணாச்சி. உங்க மேல அவுகளுக்குத் தனி மரியாதை. அங்கன சன்னலோரம் நெழல்ல நில்லுங்க, நான் பேசி முடிக்கேன்."

தனி மரியாதை! இத்தனை வருஷமும் "தொரை உங்களை ரொம்ப விசாரிச்சாக" என்று இவன் கொண்டுவந்து கொடுத்ததும், அதற்கு நெஞ்சு குளிர்ந்து இவர் தரகை ஏற்றிக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தன. நாக்கில் புளித்த ஏப்பம் மாதிரி ஏறியது.

துரையும் பொன்னுராஜும் உள்ளே போனார்கள். சன்னல் வழியே பேச்சு தெளிவாகக் கேட்டது. ஸ்டோரில் பூஞ்சை ஏற ஆரம்பித்திருக்கிறது. மழைக்கு முன் தள்ளிவிட வேண்டும். இதுதான் கடைசி விலை என்று துரை ஒரு விலை சொன்னார். பொன்னுராஜ், "தட் ஓல்ட் கோட் வில் பே அப், சார்" என்றான். கிழட்டு ஆடு கேட்டதைக் கொடுத்துவிடுமாம்.

வெளியே வந்தவன் முகத்தில் பெரிய துக்கம். "தொரை எறங்க மாட்டேங்காக அண்ணாச்சி" என்று துண்டை வாங்கி, உள்ளே விரலைப் பிடித்து, துரை சொன்னதற்கும் மேலே உச்சத்தில் ஒரு விலை அழுத்தினான்.

வைகுண்டராஜ் பதிலுக்கு அழுத்தியது துரையின் கடைசி விலைக்கும் ஒரு படி கீழே.

"என்ன அண்ணாச்சி இது? நாயை அவுத்து விட்டுருவாக!"

"போய்ச் சொல்லு. பூஞ்சை புடிச்ச காய், மழைக்கு முன்னால போகணும்னு தெரிஞ்சவரு கேக்கறாருன்னு சொல்லு. இல்லாட்டி விருதுநகர்க்காரகளுக்கும் அது தெரிஞ்சிரும்னு சொல்லு. கெழட்டு ஆட்டுக்கும் காது கேக்கும்னு சொல்லு."

துண்டுக்குள் பொன்னுராஜின் கை தவளை மாதிரிக் குளிர்ந்து ஈரமானது. அதைப் பிடித்திருக்க வைகுண்டராஜுக்கு அருவருத்தது. இருந்தும் அவனாக இழுக்கிறவரை விடவில்லை.

பொன்னுராஜ் உள்ளே போனான். நாற்காலி நகர்ந்தது, ஒரு கத்தல். அந்த விலைக்கே காய் முடிந்தது. விருதுநகர்க்காரர்கள் வெறும் கையோடு போனார்கள்.

கழுதைகள் மூட்டையோடு முன்னால் இறங்க, வைகுண்டராஜ் பின்னால் நடந்தார். ஜெயித்த வாய்க்கு வெற்றிலைகூடக் கசந்தது. பொன்னுராஜ் மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"கெளம்பும்போது தொரை உங்களைப் பத்திப் பெருமையாச் சொன்னாக அண்ணாச்சி."

"நானும் கேட்டேம்ல. நாம நின்ன படிக்கட்டத் தண்ணி ஊத்திக் கழுவச் சொன்னாக" என்றார் வைகுண்டராஜ். "நீயும் அதுலதான ஏறி எறங்குன?"