ஏழாம் நம்பர் சிறுத்தை

பல் செட் செய்யும் அந்தக் கூடத்தில் மொத்தமே மூன்று பேர். செயற்கைப் பற்களை மெழுகில் வரிசையாகப் பதிக்கும் அண்ணன், பதித்ததைச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கும் அக்கா, இவர்கள் இருவருக்கும் முன்னால் ஜிப்சம் மாவு கரைத்து ஊற்றி, ஊர் பேர் தெரியாத வாய்களுக்கெல்லாம் அச்சு வார்த்துக் கொடுக்கும் பொடிசு. பொடிசுக்கு இருபத்துநான்கு வயது முடிந்துவிட்டது. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரோடு சேற்றுப் பெட்டியும் ஒட்டிக்கொண்டது.

சேற்றுப் பெட்டி என்பது கை கழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கும் தகர டப்பா. மூவரும் கழுவிவிடும் மாவும் மெழுகுத் தூளும் குழாயை அடைக்காமல் அதில் போய்த் தேங்கும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து வழித்தெடுக்க வேண்டும். அந்த வாடைக்குச் செத்த எலிகூட எழுந்து ஓடும். இரண்டு வருடமாக அதை வழிப்பது பொடிசு ஒருத்திதான்.

அதனால்தான், மூவரும் சனி, ஞாயிறு காட்டோரம் போய்வரலாம் என்று முடிவான புதன்கிழமை, தேநீர் நேரத்தில் அவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, ஒரு பந்தயம். காட்டு மிருகத்தோட தடயத்தை யார் முதல்ல கண்டுபிடிக்கிறாங்களோ, அவங்களுக்கு ஒரு வருஷம் பெட்டி கிடையாது."

"பல்லியைப் பார்த்தே மேஜை மேல ஏறுறவ நீ. உனக்கு மிருகமா?" என்றார் அண்ணன். "சரி, ஏத்துக்கிறேன். ஆனா நானோ அக்காவோ ஜெயிச்சா, பழையபடி நீதான்."

"வழிகாட்டி ஒத்துக்கணும். அவர் சொல்றதுதான் தீர்ப்பு," என்று அக்கா முத்திரை குத்தினாள். "ஏமாத்தினா எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிட்டேன்."

பொடிசு நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், மிருகங்களைப் பற்றிய புத்தகம் ஒன்றை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, சிறுத்தையின் இடது முன்கால் பாதத்தை மெழுகில் செதுக்கினாள். நான்கு விரல்கள், நடுவே அகன்ற மெத்தை. அதை அச்செடுத்து, கல்லாக இறுகும் மாவை ஊற்றி, தட்டித் தட்டிக் குமிழ் போக்கி, இறுகத் தொடங்கியதும் வெளியே எடுத்தாள். அத்தனை பேரின் தாடையை வார்த்த கைக்கு ஒரு சிறுத்தைப் பாதம் எம்மாத்திரம்? கைக்குட்டையில் சுற்றிப் பையின் அடியில் போட்டாள். எதிர் மேஜையில் அண்ணனும் அன்று சாப்பிடப் போகாமல் எதையோ முதுகால் மறைத்துக்கொண்டு ராவிக்கொண்டிருந்தார். தன் திருட்டுத்தனத்தின் மும்முரத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் அவர்கள் தங்கப்போன மரவீடு ஓர் ஓடையை ஒட்டி இருந்தது. வழிகாட்டி ஒல்லியான மனிதர். தடித்த கண்ணாடி. பேசினால் காசு கொடுக்க வேண்டுமோ என்பது போல அளந்து பேசினார். அவர்களைப் பார்த்ததும் சொன்னது இவ்வளவுதான்: "காலையில ஆறு மணிக்கு நடை. காட்டுக்குள்ள சத்தம் போடக் கூடாது."

"நாங்க மூச்சுகூட விட மாட்டோம் சார்," என்றார் அண்ணன், பக்கத்து மரத்துப் பறவைகள் பறந்து போகிற குரலில்.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா குளிக்கப் போனாள், அண்ணன் குட்டித் தூக்கம் போட்டார். பொடிசு ஓடைக்கரைக்கு நழுவினாள். ஈரச் சேறு கேக் மாவு மாதிரி இருந்தது. கைக்குட்டையைப் பிரித்து, கல்லுக்குக் கல் தாவியபடியே பன்னிரண்டு இடத்தில் அழுத்தினாள். மங்கிய வெளிச்சத்தில் எட்டி நின்று பார்த்தபோது அவளுக்கே முதுகுத்தண்டு சிலிர்த்தது. ஒரு கணம் சிறுத்தை உண்மையிலேயே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருப்பதாக நம்பினாள். அந்த ஒரு வருடத்துப் பன்னிரண்டு பெட்டிகளும் சிறகு முளைத்து ஒவ்வொன்றாகப் பறந்து போவதையும் பார்த்தாள்.

காலையில் ஓடைக்கரையில் முதல் ஆளாகக் கத்தியவள் அவள்தான். "சார்! இங்க பாருங்க! சிறுத்தை!"

வழிகாட்டி வந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். ஒன்றைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், பன்னிரண்டையும் பார்த்தார்.

"ஆச்சரியமான மிருகம்," என்றார். "நாலு காலும் இடது முன்கால்."

பொடிசு விட்டுக்கொடுக்கவில்லை. "நொண்டிச் சிறுத்தையா இருக்கலாம் சார்."

"இருக்கலாம். ஒத்தைக் கால்ல பன்னிரண்டு தாவல் தாவியிருக்கு. பாவம்."

அதற்குள் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெத்தையின் நடுவே விரலை வைத்தாள். நாள் முழுவதும் அச்சுகளை உற்றுப் பார்க்கும் கண் அவளுடையது. "அது சரி, இந்தச் சிறுத்தைக்கு நம்பர் எதுக்குடி?"

பொடிசு குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு தடத்தின் நடுவிலும், கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறி, ஒரு குட்டி 7 புடைத்துக்கொண்டு நின்றது.

தவறு வந்தால் யார் வார்த்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, எந்த அச்சாக இருந்தாலும் இறுகி முடிவதற்குள் அகலமான இடத்தில் தன் எண்ணைக் கீறிவிட வேண்டும். கூடத்தின் முதல் விதி அது. அங்கே இதுவரை வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஏழாவது ஆள் என்பதால் அவள் எண் ஏழு. நாளுக்கு நாற்பது முறை கீறும் கை, வியாழக்கிழமை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாற்பத்தோராவது முறையும் கீறியிருக்கிறது!

"ஏழாம் நம்பர் சிறுத்தை!" அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மேல் தாடையா, கீழ்த் தாடையான்னும் எழுதியிருக்கலாமே பொடிசு! சரி, பந்தயம் எனக்குத்தான். இதோ, இப்பத்தான் புதர்ல கிடைச்சது." சட்டைப் பையிலிருந்து விரல் நீளக் கோரைப்பல் ஒன்றை எடுத்து நீட்டினார்.

வழிகாட்டி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "வேரே இல்லாத பல். அடியில இளஞ்சிவப்பா மெழுகு வேற ஒட்டியிருக்கு."

"வெக்கமா இல்ல உங்க ரெண்டு பேருக்கும்?" அக்கா எழுந்தாள். "இவ சின்னப் பொண்ணு, போகட்டும். நீங்க தலை நரைச்ச ஆளு!"

"ஆரம்பிச்சது அவதானே!"

"நான் ரெண்டு வருஷமா வழிக்கிறேன், தெரியுமா அண்ணே? உங்க மெழுகும் சேர்த்துத்தான்!"

சத்தம் போடக் கூடாது என்ற காட்டில் மூன்று பேரும் சந்தைக்கடை நடத்தினார்கள். பதில் சொல்லத் திரும்பிய பொடிசு அப்படியே நின்றுவிட்டாள். அண்ணனும் அக்காவும் ஓடைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம், வெகுதூரத்தில், பாறைச் சரிவில் அது நடந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை. மஞ்சள் வெயில் எழுந்து கால் முளைத்து நடப்பது போல இருந்தது. ஒரு தடவை நின்று இவர்கள் பக்கம் பார்த்தது, அலுத்துக்கொண்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பாறைக்குப் பின்னால் மறைந்தது.

அவள் வாய் திறந்தபடியே இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தாள். வழிகாட்டியின் கண்ணாடியும் அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சிறுத்தை!" குரல் வந்தபோது கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "அங்க... நிஜமா..."

"இதுக்கு நம்பர் எட்டா?" என்றார் அண்ணன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"சத்தியமா அண்ணே! சார், நீங்களும் பார்த்தீங்கல்ல? சொல்லுங்க சார்!"

வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்தார். "நான் எதையும் பார்க்கலையேம்மா."

தீர்ப்பு அவ்வளவுதான். யாரும் ஜெயிக்கவில்லை. ஆகவே பெட்டி பழையபடியே.

மாலையில் வண்டி கிளம்பும்போது வழிகாட்டி அவள் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். "அது பொண்ணு," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "வயித்துல குட்டி இருக்கு. இந்த வருஷம் அதைப் பார்த்தவங்க ரெண்டே பேர். ஊரைக் கூட்டிச் சொல்லாம இருந்தா அதுக்கு நல்லது."

திங்கட்கிழமை காலை பொடிசு கையுறை மாட்டிக்கொண்டு சேற்றுப் பெட்டியைத் திறந்தாள். அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றார்.

"என்ன, ஏழாம் நம்பர்? இந்த நாத்தத்துல சிரிப்பு எங்கேர்ந்து வருது உனக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணே."

சொன்னாலும் நம்பப்போவதில்லை. அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அவள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். பெட்டிக்குள் வெள்ளைச் சேறு, ஓடைக்கரையைப் போலவே வழவழப்பாக, யார் காலும் படாமல் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு தடம் பதித்தாள். இந்த முறை ஏழை முதலிலேயே சுரண்டி எடுத்திருந்தாள்.