எந்த அம்மா

...அதனால்தான் சொல்கிறேன், மாடிக்கு வெளிப்பக்கமாகத் தனிப் படிக்கட்டு வைக்க ஒருவர் அனுமதி வாங்குகிறார் என்றால் அந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி நாளாகிறது என்று அர்த்தம், சமையலறை இரண்டானால் ஓரகத்திகள் இருவரும் கரண்டியைத் தூக்கிவிட்டார்கள், படுக்கையறையை ஒட்டிக் குட்டியாக ஓர் அறை என்றால் பிள்ளை வரப்போகிறது, மாமியாருக்குச் சொல்லும் முன்னே நகராட்சிக்குச் சொல்லிவிடுகிறார்கள், நகராட்சிக்குச் சொன்னால் எனக்குச் சொன்ன மாதிரிதான். இந்த நகராட்சி ஆபீஸ் தாழ்வாரத்தில், கட்டட விண்ணப்பங்களைப் பொதுமக்கள் பார்க்கட்டும் என்று ஒரு கணினியை வைத்து, பொதுமக்கள் பக்கம் வந்துவிடக் கூடாது என்று அதை ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள், அதன் முன்னால் வாரா வாரம் வந்து உட்காருகிற ஒரே பொதுமக்கள் நான்தான். வம்புக்காக இல்லை, தொழிலுக்கு. தம்பி டைல்ஸ் காண்ட்ராக்ட் எடுக்கிறான், யார் வீட்டில் சுவர் எழும்பப்போகிறது என்று மற்ற காண்ட்ராக்டர்களுக்கு மூக்கில் வேர்க்கும் முன் நான் கண்டுபிடித்து, போன் போட்டு, ரூம் எடுக்கறீங்களாமே, யாருக்குங்க, தரைக்கு ஆள் பேசிட்டீங்களா என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுவேன். நடுவில் அந்த 'யாருக்குங்க' எதற்கு என்று தம்பி கேட்பான். எதற்கா? வம்பு தானாக வந்து மடியில் விழும்போது உதறிவிட்டு எழுந்துபோக எனக்கென்ன பைத்தியமா?

இன்றைக்கும் அப்படித்தான் உருட்டிக்கொண்டே வந்தேன், ஒரு கார் ஷெட், ஒரு மதில், கடனை உடனை வாங்கி இரண்டாவது மாடி எழுப்பும் மளிகைக்கடைக்காரர்... அப்புறம் கை நின்றுவிட்டது. தரைத்தளத்தில் கூடுதலாக ஓர் அறை, குளியலறையோடு. தெரு தெரிந்த தெரு, கதவு எண் தெரிந்த எண், விண்ணப்பித்தவர்கள் என்ற இடத்தில் என் மகனும் மருமகளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறார்கள். வரைபடத்தைத் திறந்தேன். வாசலில் படி இல்லை, சரிவு. கதவு அகலம். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல், போகிற வருகிறவர்களை எல்லாம் எண்ணிக்கொண்டு இருக்கலாம், யார் எந்தப் பையோடு போகிறார்கள், பை எப்படித் திரும்பி வருகிறது... நடுவில் எழுதியிருக்கிறது, அம்மா ரூம். அம்மா ரூம்! அந்த வீட்டில் படுக்கையறை எல்லாம் மாடியில், என் முழங்கால் மாடி என்ற சொல்லைக் கேட்டாலே முனகும், போனால் ஹாலில் சோபாவில்தான் படுக்கை, மருமகளின் சீரியல் முடிந்தால்தான் எனக்கு ராத்திரி. இரண்டு நாள் பார்ப்பேன், தம்பி தேடுவான்டா என்று கிளம்பிவிடுவேன், மகன் இரு என்றும் சொல்ல மாட்டான், போ என்றும் சொல்ல மாட்டான், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்து, பாத்து ஏறும்மா என்பான். தம்பி எங்கே தேடினான்? தம்பி வீட்டில் டைல்ஸ் சாம்பிள் பெட்டிகள் குடியிருக்கும் அறையில் நான் ஒண்டுக்குடித்தனம், அவன் நல்லவன்தான், தம்பி பெண்டாட்டியும் நல்லவள்தான், ஆனால் அங்கே எதற்கும் அக்கா ரூம் என்று பெயர் இல்லை, சாம்பிள் ரூம்தான், அக்கா எங்க, சாம்பிள் ரூம்ல.

ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுவிட்டேன், மனசுக்குள்தான், தலைமாடு எந்தப் பக்கம் என்பதுகூட முடிவாகிவிட்டது, அப்போதுதான் உறைத்தது. அம்மா என்றால் எந்த அம்மா? என் மகன் என்னை அம்மா என்பான், அவன் மாமியாரை அத்தை என்பான். மருமகளோ என்னை அத்தை என்பாள், அம்மா என்றால் அவளுக்குச் சம்பந்தியம்மாள்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருக்கும் அந்தச் சம்பந்தியம்மாள், போன வருஷம் இடுப்பு எலும்பு முறிந்து இப்போது வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாள், அவளுக்கும் வீட்டில் வேறு துணை கிடையாது. சரிவு வாக்கருக்கா, என் முழங்காலுக்கா? கம்பி இடுப்புக்கும் ஆகும், முட்டிக்கும் ஆகும். ஊரார் வீட்டு வரைபடக் கோடுகளை எல்லாம் பார்த்துக் குடும்பக் கதை சொல்கிறவளுக்கு, சொந்தப் பிள்ளை வீட்டுக் கோடு நாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முந்தாநாள் போனில் மாத்திரை போட்டியாம்மா என்றான், மழை வரும்போல இருக்கும்மா என்றான், ரூமைப் பற்றி மூச்சு விடவில்லை. வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்றா? சொல்ல வாய் வராமலா?

வரைபடம் போடுகிறவர் எதிர்ச்சாரியில்தான் மேஜை போட்டிருக்கிறார், ஆள் ஒல்லியாக நெட்டையாக இருப்பார், ஸ்கேல் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். போய் நின்றேன்.

"என்ன ஸ்கேலு, அம்மா ரூமுன்னு ஒண்ணு போட்டியே, யாரு வந்து சொன்னது? அவனா, அவளா?"

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும்தாங்க்கா வந்தாங்க."

"அதில்ல, அம்மான்னு சொன்ன வாய் எது?"

"வாயை யாருக்கா பாத்தா, நான் அளவைப் பாத்தேன். ஜன்னல் பெருசா வேணும்னு மட்டும் நாலு தடவ சொன்னாங்க."

"யாரு?"

"அதான்க்கா... ரெண்டு பேரும். ஏன், தெரிஞ்சவங்களா?"

தெரிஞ்சவங்கதான் என்றேன், வேறென்ன சொல்ல. பெரிய ஜன்னல்... வேடிக்கை பார்க்கிறவளுக்குத்தானே பெரிய ஜன்னல்? ஆனால் வெளியே நடமாட முடியாதவளுக்கும் ஜன்னல்தானே எல்லாம். பாவம், அவளும் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாளோ, முத்து உதிர்க்க ஆளில்லாமல்தான் வாயை மூடிக்கொண்டாளோ... இதென்ன, நான் அவளுக்கு வக்கீலா?

பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் தம்பி போன் செய்துவிட்டான். "என்னக்கா, எதாச்சும் மாட்டுச்சா?" ஒரு ரூம்டா, பாத்ரூமோட, வழுக்காத டைல்ஸா போடணும், வயசான ஒரு அம்மாவுக்கு என்றேன். யார் வீடு என்று அவன் கேட்கவில்லை, ஆர்டர் மாட்டிய சந்தோஷத்தில் அவன் எதையும் கேட்கமாட்டான், "அந்தம்மாவுக்கு என்ன கலர் பிடிக்கும்னு கேட்டியா?" என்றான். இளம்பச்சை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சாம்பிள் ரூமில் படுத்துக்கொண்டு எத்தனை நாள் பார்த்திருக்கிறேன், மூன்றாவது பெட்டியில் இருக்கிற அந்த இளம்பச்சையை... விழுங்கிக்கொண்டேன்.

"கேட்டுச் சொல்றேன்டா."

"இப்பவே போன் போட்டுக் கேளு, நீ கேக்காத கேள்வியா!"

வைத்துவிட்டான். மகனுடைய எண்ணை எடுத்தேன், கட்டைவிரல் அதன் மேலேயே நிற்கிறது. ரூம் எடுக்கறீங்களாமே, யாருக்குங்க... முகம் தெரியாதவர்களிடம் எல்லாம் கூசாமல் கேட்கிற கேள்விதான், கேட்டால் பதில் வந்துவிடும், வந்தால் கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து எடுக்க வேண்டியதாகிவிடுமே. பஸ் வந்தது, ஏறினேன், ஜன்னலோர இடம் காலியாக இருந்தது, போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன், அந்தச் சம்பந்தியம்மாளுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது, இத்தனை வருஷத்தில் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை... என்னையும்தான் யார் கேட்டார்கள்.