இறங்க அனுமதி இல்லை

“கொஞ்சம் விலத்துங்கோ, துரை கதைக்கப்போறார்,” என்று சொல்லிக்கொண்டே பரமேஸ்வரன் சவப்பெட்டியின் தலைமாட்டில் வழி உண்டாக்கினான். அப்பாவுக்குக் கொள்ளி வைக்கவேண்டிய ஒரே மகன். இடுப்பில் ஈர வேட்டியும் குளிருக்கு அதன்மேல் கம்பளிச் சட்டையுமாக, அந்த வெள்ளைக்காரக் கிழவரின் முழங்கையைத் தாங்கிப் பிடித்து அவன் அழைத்து வந்த பவ்வியத்தைப் பார்க்க, அவனுடைய அக்கா சந்திரவதனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். அந்த மனிதரை வரவழைத்தவளே அவள்தான்.

லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் ஒரு செத்தவீட்டு மண்டபம். வெளியே பெப்ரவரிப் பனி கொட்டியது. ரயில் ஓடவில்லை, பஸ் ஓடவில்லை என்று டெலிபோனில் முறையிட்ட சனமெல்லாம் எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. எங்கள் ஆட்கள் கலியாணத்துக்குப் பிந்துவார்கள், செத்தவீட்டுக்குப் பிந்தமாட்டார்கள்.

துரையின் பெயர் விட்கோம். செத்துப்போன தில்லையம்பலம் இளவயதில் வேலை பார்த்த விமானத்தளத்துக்கு அவர்தான் மேலதிகாரி. வளைகுடாக் கரையில் ஒரு சின்ன அரபு நாடு அது. பெயருக்கு ஒரு ஷேக் இருந்தார், ஒரு கொடியும் இருந்தது. பிரித்தானியர் பாதுகாப்புக் கொடுத்த நாடு என்று சொல்வார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்கத்தான் ஆளில்லை. மணல் ஷேக்குடையது, மணலுக்கு மேலிருந்த ஆகாயம் லண்டனுடையது. ஷேக்கின் கூடப்பிறந்த தம்பியே வந்தாலும் துரைமார் தலையாட்டாமல் அங்கே விமானம் இறங்க முடியாது. அவர்கள் தலையாட்டியதையும் ஆட்டாததையும் விமானிக்கு ரேடியோவில் சொல்வதற்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஒரு யாழ்ப்பாணத்தான் இருந்தார், தில்லையம்பலம்.

போன கிழமைவரை சந்திரவதனாவுக்கு இதில் பாதிகூடத் தெரியாது. ஆஸ்பத்திரி வார்டில் டிவியில் குவைத் யுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. குண்டு விமானங்கள் கிளம்புகிற தளம் ஒன்றைக் காட்டியபோது அப்பா மூக்குக் குழாயை விலக்கிக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

“உதிலைதான் பிள்ளை நான் இருந்தனான்.”

“தெரியும் அப்பா. படுங்கோ.”

“உனக்குத் தெரியாது. ஒரு சின்னப் பிளேன் வந்தது. ஷேக்கின்ரை மருமகன் அதுக்கை. வெள்ளைக்காரன் வெளியிலை போகவேணும் எண்டு கூட்டம் வைச்சுத் திரிஞ்சவன். விட்கோம் எனக்குப் பக்கத்திலை நிண்டவர். இறங்க அனுமதி இல்லையெண்டு சொல்லு எண்டார். சொன்னன். எண்ணெய் முடியுது, வேறை இடத்துக்குப் போக ஏலாது எண்டு பைலட் கெஞ்சினான். திரும்பவும் சொல்லு எண்டார். சொன்னன்.”

“பிறகு?”

“பிறகென்ன. கடல்.”

விசாரணை நடந்தது. தான் அந்த நேரம் கோபுரத்திலேயே இல்லை, டில்லிதான் தன் பாட்டுக்கு மறுத்துவிட்டான் என்று விட்கோம் சொன்னார். தில்லையம்பலம் அவர் வாயில் டில்லி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அப்பா வாய் திறக்கவில்லை. திறக்காமல் இருந்ததற்குக் கூலியாக இங்கிலாந்தில் ஒரு வேலையும், மனைவி மக்களைக் கூப்பிட ஒரு வழியும் கிடைத்தன. இன்றைக்கு மண்டபத்தில் கோட்டும் சூட்டுமாக நிற்கிற குடும்பம் முழுக்க அந்த மௌனத்தைத் தின்று வளர்ந்ததுதான்.

“அவரைக் கூப்பிடு பிள்ளை,” என்றார் அப்பா. “நாலு பேருக்கு முன்னாலை, மறிக்கச் சொன்னது தன்ரை ஓடர் எண்டு ஒருக்கால் சொன்னால் காணும். நான் நிம்மதியாப் போயிடுவன்.”

அவள் டெலிபோன் எடுத்து அப்பா கேட்டதைச் சொன்னாள். டில்லிக்காகக் கட்டாயம் வருவேன் என்றார் விட்கோம். வருவதற்குள் அப்பா போய்விட்டார். சரி, உயிரோடு கேட்காவிட்டாலும் சபையில் சொல்லட்டும் என்று மண்டப வாசலில் வைத்து மறுபடியும் நினைவுபடுத்தினாள். அந்த நாளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று அவளுடைய கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலை நம்பிக்கொண்டு நின்றாள்.

விட்கோம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குரலில் இன்னும் அதிகாரம் இருந்தது. டில்லியைப் போல விசுவாசமான ஊழியனைத் தான் கண்டதில்லை என்றார். அந்த வெயிலிலும் கழுத்துப்பட்டியைத் தளர்த்தாதவன் என்றார். சனம் தலையாட்டியது.

“ஒரேயொரு துயரமான நாள் இருந்தது,” என்றார். சந்திரவதனா ஓரடி முன்னே வந்தாள். “ஒரு விமானம் இறங்கக் கேட்டபோது டில்லி ஒரு தவறான முடிவு எடுத்துவிட்டார். சில உயிர்கள் போயின. இளவயது, அனுபவம் போதாது. எங்களில் யாருக்கும் நேர்ந்திருக்கலாம். நாங்கள் அவரைக் கைவிடவில்லை. அன்றைக்கே மன்னித்துவிட்டோம் என்பதை அவருடைய குடும்பத்தாருக்குச் சொல்லவே இன்று வந்தேன்.”

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி கணேசலிங்கம் பக்கத்திலிருந்தவரின் காதுக்குள், “ஆக்கள் செத்தவையாமோ? அத்தான் எங்களுக்கு ஒரு நாளும் சொல்லேல்லையே,” என்றார். பரமேஸ்வரன் துரையின் கையை இரண்டு கையாலும் பிடித்து நன்றி சொன்னான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவன்மேல் குற்றமில்லை. சந்திரவதனா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சொல்லாமலே விட்டிருந்தாலும் பரவாயில்லை. சொன்னாரே பாவி. யாருக்கும் தெரியாதிருந்த பொய்யை, பேசமுடியாத மனிதரைப் பக்கத்தில் கிடத்தி வைத்துக்கொண்டு, ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டாரே!

ஐயர் வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார். அம்மா பாலாம்பிகை பித்தளைத் தட்டோடு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். உரித்துள்ள பெண்கள் ஒவ்வொருவராக அரிசி எடுத்து அப்பாவின் வாயில் இட்டுவிட்டு அழுதபடி நகர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விட்கோமும் வரிசையில் வந்தார். தங்கள் ஊரில் குழிக்குள் ஒரு பிடி மண் போடுவதுபோல இதுவும் ஒன்று என்று நினைத்திருப்பார். தட்டில் கை வைத்து ஒரு பிடி அள்ளினார்.

சந்திரவதனா குறுக்கே வந்தாள்.

“அக்கா, மறிக்காதை,” என்றான் பரமேஸ்வரன். “பெரிய மனுசன். தெரியாமல் செய்யிறார்.”

“விடு பிள்ளை, போடட்டும்,” என்றாள் அம்மா. அவள் அன்று முழுக்கப் பேசிய முதல் பேச்சு அதுதான். அழுகை இல்லாத குரல். “கொப்பாவின்ரை வாயிலை உவருக்கு இல்லாத உரித்து வேறை ஆருக்கு? இவ்வளவு காலமும் அதைப் பூட்டித் திறப்பை வைச்சிருந்தவர் உவரெல்லே.”

கணேசலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். பின் வரிசையும் துரையை நோக்கித் திரும்பியது. விட்கோமுக்கு வார்த்தை விளங்காவிட்டாலும் மண்டபம் தன்னைப் பார்ப்பது விளங்கியது.

சந்திரவதனா அப்பாவின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள். ஐஸ்போலக் குளிர்ந்தது. “அப்பா கேட்டதை இப்போது சொல்லுங்கள்,” என்றாள் ஆங்கிலத்தில். “அந்த மறுப்பு யாருடையது? சொல்லிவிட்டு அரிசியைப் போடுங்கள்.”

விட்கோம் பெட்டிக்குள் பார்த்தார். அவருடைய கன்னம் ஒருமுறை இழுத்தது. சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது.

“இது அதற்கான இடமில்லை. டில்லி இருந்திருந்தால் புரிந்துகொண்டிருப்பார்.”

அவள் கையை எடுக்கவில்லை. ஐயர் மந்திரத்தை நிறுத்தியிருந்தார். மண்டபத்துக்காரன் வாசலில் நின்று செருமினான், சுடலையில் அடுத்த பிரேதம் காத்திருக்கிறது என்ற செருமல். பரமேஸ்வரன் அக்காவையும் துரையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாக நடந்து வந்து, துரையின் பக்கத்தில் நிற்காமல், அக்காவின் பக்கத்தில் நின்றான். விட்கோம் ஒதுங்கிக்கொண்டார். பெட்டியை மூடினார்கள்.

சனம் பனிக்குள் இறங்கிக் கார்களுக்குப் போனது. பாலாம்பிகை தட்டை நெஞ்சோடு அணைத்தபடி போனாள். விட்கோம் மதிலோரம் நின்றார். வலது கை அள்ளிய அரிசியோடு இன்னும் பொத்தியபடியே இருந்தது. தன்னைக் கடந்துபோன ஒவ்வொருவரின் கையையும் பார்த்தார், யாராவது ஒரு பாத்திரம் நீட்டமாட்டார்களா என்று. ஒருவரும் நீட்டவில்லை. அரிசியைக் கீழே போடலாமா, சட்டைப்பைக்குள் வைக்கலாமா என்று தெரியாமல் அவர் நிற்க, பொத்திய விரல்களின்மேல் பனி விழுந்துகொண்டிருந்தது.